படச்சட்டக் கடையில் பிறந்த கலைக்கூடம்

கோயில்களுக்கு வரலாறு எழுதுவது ஒருவகையில் எளிது. கல் நிற்கிறது, கல்லின்மேல் எழுத்து நிற்கிறது. அரசன் பெயர், ஆட்சியாண்டு, கொடுத்த நிலம், எரிய வேண்டிய விளக்கு என அனைத்தும் படிப்பதற்குக் காத்திருக்கின்றன. ஒரு பழைய கட்டடத்தின் ஒரே தளத்தில் அடங்கிவிடும் தற்காலக் கலைக்கூடத்திற்கு வரலாறு எழுத முனைந்தால் இந்த வசதி எதுவும் கிட்டாது. ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ படங்கள் தொங்குகின்றன. பின்னர் அவை இறக்கப்படுகின்றன. ஆணித் துளைகள் அடைக்கப்பட்டுச் சுவர் மறுபடியும் வெள்ளையாகிறது. அடுத்தவரின் படங்கள் ஏறுகின்றன. அறுபது ஆண்டுகள் இவ்வாறே நடந்த ஓரிடத்தில் வரலாறு எங்கே தங்கியிருக்கும்?

மும்பையின் கோட்டைப் பகுதியில் உள்ள கெமோல்டு என்னும் கலைக்கூடத்திற்குச் சென்று வந்தபின் நம்முள் எழுந்த வினா இது. அக்கூடம் பிறந்த காலா கோடாவையும், இன்று அது குடியிருக்கும் பிரெஸ்காட் சாலையையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். அந்த நடையின் வழியே அதன் கதையையும் சொல்ல முயல்கிறோம்.

கறுப்புக் குதிரையின் முனை

காலா கோடா என்றால் கறுப்புக் குதிரை. பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் 1875-76ஆம் ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்துசென்றார். அதன் நினைவாக, பம்பாயின் யூதப் பெருவணிகரான ஆல்பர்ட் சசூன் அவரைக் குதிரைமேல் அமர்ந்த கோலத்தில் சிலையாக வடிக்கச் செய்து நகருக்கு அளித்தார். 1879இல் நிறுவப்பட்ட அச்சிலையின் கருநிறமே அப்பகுதிக்குப் பெயராயிற்று. மக்கள் மன்னரைக் கருதாமல் குதிரையை மட்டும் கருதிப் பெயர் வைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. 1965இல் சிலை பைகுல்லாவில் உள்ள உயிரியல் பூங்காவுக்கு அப்புறப்படுத்தப்பட்டது. சிலை போனபின்னும் பெயர் போகவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குதிரையில்லாமலே வழங்கிய அந்தப் பெயருக்காக 2017இல் புதிதாக ஒரு குதிரையைச் செய்து நிறுத்தினார்கள். இம்முறை அதன் முதுகில் எவரும் இல்லை.

இப்பகுதியின் இன்னொரு பழம்பெயர் ராம்பார்ட் ரோ. கோட்டை மதிலையொட்டிய தெரு என்று பொருள். ஆளுநர் பார்ட்டில் ஃபிரேர் காலத்தில், 1860களில், ஆங்கிலேயர் தம் பழைய கோட்டை மதில்களை இடித்தனர். அதனால் கிடைத்த திறந்த வெளியில்தான் பம்பாயின் புகழ்பெற்ற பொதுக் கட்டடங்கள் எழுந்தன. டேவிட் சசூன் நூலகமும், நெடுங்காலம் நீலநிறத்தால் அடையாளம் காணப்பட்ட கெனெசெத் எலியாஹூ யூதத் தொழுகைக்கூடமும், 1896 ஜூலை 7ஆம் நாள் லூமியேர் சகோதரர்களின் திரைப்படங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட வாட்சன் விடுதிக் கட்டடமும் சில நிமிட நடைக்குள் இருக்கின்றன. வழக்கறிஞர்களும் கல்லூரி மாணவர்களும் அலுவலகப் பணியாளர்களும் தோளோடு தோள் இடித்துச் செல்லும் தெருக்கள் இவை. அரைக் குவளைத் தேநீரும் வடா பாவும் விற்போருக்கு ஓய்வே இல்லை. ஜஹாங்கீர் கலைக்கூடத்தின் வாசலை ஒட்டிய நடைபாதையில் ஓவியர்கள் தம் படங்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். சிலர் முன்னே உட்காருபவரின் முகத்தை அங்கேயே வரைந்து கொடுக்கிறார்கள்.

இந்த நடைபாதையைச் சற்று நின்று பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உள்ளே தொங்கும் படத்திற்கும் வெளியே சாய்ந்திருக்கும் படத்திற்கும் இடையில் இருப்பது ஒரு வாசற்படி. அந்தப் படியை ஏறியவர் யார், ஏற்றிவிட்டவர் யார் என்பதுதான் இக்கதையின் உள்ளீடு.

அகதிகளும் ஓவியர்களும்

1930களின் பம்பாயில் இந்திய ஓவியர் ஒருவர் தம் படங்களைக் காட்டுவதற்கு இருந்த வழிகள் மிகச் சில. பம்பாய் கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி இருந்தது. செல்வர் வீட்டு அறிமுகம் இருந்தால் ஓரிரு படங்கள் விற்கலாம். சர் ஜே. ஜே. கலைப்பள்ளியில் ஐரோப்பிய முறையில் உருவப்படம் தீட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர் புதியதாக ஏதேனும் செய்ய விரும்பினால் அதைக் கண்டு பேச ஆளில்லை.

அந்த ஆட்கள் எதிர்பாராத திசையிலிருந்து வந்தனர். ஹிட்லரின் ஆட்சி ஐரோப்பாவில் பரவப் பரவ, அங்கே வாழ முடியாதவர் சிலர் பம்பாயில் கரையிறங்கினர். வியன்னாவைச் சேர்ந்த ஓவியர் வால்டர் லாங்காமர் தம் யூத மனைவியுடன் வந்து, டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழின் கலை இயக்குநரானார். ஜெர்மனியிலிருந்து வந்த ரூடி வான் லைடன் நிலவியல் படித்தவர். பம்பாயில் கலை விமரிசகராக அறியப்பட்டார். வியன்னாவிலிருந்து வந்த எமானுவேல் ஷ்லெசிங்கர் மருந்துத் தொழிலில் ஈடுபட்டு, ஈட்டிய பொருளில் இளம் ஓவியர்களின் படங்களை வாங்கினார். ஒருவர் கற்றுக்கொடுத்தார், ஒருவர் எழுதினார், ஒருவர் வாங்கினார். ஒரு கலை இயக்கத்திற்கு வேண்டிய மூன்றும் இவ்வாறு அமைந்தன.

இவர்களைச் சூழ்ந்த இளைஞர் ஆறு பேர் 1947இல் முற்போக்கு ஓவியர் குழுவைத் தோற்றுவித்தனர். எஃப். என். சூசா, எஸ். எச். ரசா, எம். எஃப். ஹுசைன், கே. எச். ஆரா, எச். ஏ. காடே, எஸ். கே. பாக்ரே ஆகியோர் அவ்வறுவர். 1949இல் ராம்பார்ட் ரோவில் இருந்த பம்பாய் கலைச் சங்கத்தின் அரங்கில் இவர்களின் கண்காட்சி நடந்தது. முல்க் ராஜ் ஆனந்த் அதைத் தொடங்கிவைத்தார்.

இவ்வறுவரில் ஆராவைத் தனியே குறிப்பிட வேண்டும். செகந்திராபாத்தை அடுத்த பொலாரத்தில் 1914இல் பிறந்த அவர், சிறுவனாகவே பம்பாய்க்கு வந்து வீட்டு வேலை செய்தும் கார் கழுவியும் பிழைத்தவர். உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றவர். ஹுசைனும் திரையரங்க விளம்பரப் பலகைகள் தீட்டித் தொடங்கியவர். அந்த விளம்பர ஓவியர் 1954இல் தீட்டிய பெரிய படம் ஒன்று, 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 1.37 கோடி அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. இச்செய்தியைப் படித்தவர்கள் பலர் இருப்பர். அப்படத்தைத் தீட்டிய காலத்தில் அவரைப் போன்றோர் தம் படங்களைத் தொங்கவிட ஒரு சுவரைத் தேடியலைந்தனர் என்பதை நினைவில் வைத்தால்தான் அடுத்து வரும் கடையின் அருமை விளங்கும்.

கண்ணாடிக்குப் பின்னே ஒரு படம்

கேகூ காந்தி 1920இல் பிறந்த பார்சி. காந்தி என்பது பார்சிகளிடையேயும் குஜராத்தியரிடையேயும் வழங்கும் குடும்பப் பெயர். அண்ணலுடன் உறவு ஏதுமில்லை. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த அவர், உலகப்போர் மூண்டதால் இந்தியாவிலேயே தங்கிவிட நேர்ந்தது. பம்பாயில் பழக்கமான ஒரு பெல்ஜியருடன் சேர்ந்து, 1941இல் படச்சட்டம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். வேதிப்பொருள் கொண்டு வார்த்த சட்டங்கள் என்னும் பொருள்பட ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி வைத்த வணிகப் பெயரே கெமோல்டு. ஒரு கலைக்கூடத்தின் பெயர் என்பதை அறியாதவர் கேட்டால் சாயக் கம்பெனி என்றுதான் எண்ணுவார்.

பிரின்சஸ் தெருவில் இருந்த அக்கடைக்கு உருவப்படங்களுக்கும் சாமி படங்களுக்கும் சட்டம் போட மக்கள் வந்தார்கள். சட்டத்தின் அழகைக் காட்ட வேண்டுமானால் அதற்குள் ஒரு படம் இருக்க வேண்டும். வெறுஞ்சட்டத்தைத் தெருவில் போகிறவர் நின்று பார்ப்பாரா? ஆரா, ஹுசைன் போன்றோரின் படங்கள் கடையின் கண்ணாடிக்குப் பின்னே தொங்கத் தொடங்கின. கடைக்காரருக்குச் சட்டம் விற்றது. ஓவியருக்குச் சுவர் கிடைத்தது. நவீன ஓவியத்தைப் பற்றி ஒன்றும் அறியாத பம்பாய்வாசிகள், டிராம் பிடிக்கப் போகும் வழியில் அதைக் கண்டார்கள்.

இந்தியாவில் நவீன ஓவியத்தின் வரலாற்றைப் பேசுவோர் குழுக்களையும் அறிக்கைகளையும் மிகுதியாகப் பேசுவர். அவை இன்றியமையாதவைதாம். ஆயினும் ஆணியும் பலகையும் பசையும் கொண்டு பிழைத்த ஒரு கடை அக்கலைக்கு முதல் சாளரங்களுள் ஒன்றாயிற்று என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வாடகை அரங்கும் கலைக்கூடமும்

1952இல் ஜஹாங்கீர் கலைக்கூடம் திறக்கப்பட்டது. சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் தம் மறைந்த மகனின் நினைவாக அளித்த கொடை அது. கற்கட்டடங்களுக்கு நடுவே முன்னோக்கி நீண்டு நிற்கும் அதன் கான்கிரீட் விதானம், விடுதலைக்குப் பிந்திய நாட்டின் புதுமை விருப்பத்தை இன்றும் சொல்லிக்கொண்டு நிற்கிறது. ஓவியர் வாரக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தம் படங்களைக் காட்டலாம். பணம் கட்டி, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வரிசை நீளமானது, ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது இன்றும் வழக்கம்.

அந்த அரங்கில் 1954இல் நிகழ்ந்தது ஒன்று. அக்பர் பதம்சியின் முதல் தனிக் கண்காட்சியில் வைக்கப்பட்ட படங்கள் ஆபாசமானவை என்று குற்றம் சாட்டப்பட்டது. காவல்துறை வந்தது, படங்களை இறக்கச் சொன்னது, ஓவியர் மறுத்தார், வழக்கு நடந்தது. நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஓவியருக்கு அப்போது இருபத்தாறு வயது.

வாடகை அரங்கில் ஓவியர் தனியாள். வாரம் முடிந்தால் படத்தைச் சுருட்டிக்கொண்டு போக வேண்டியவர். அவர் அடுத்து என்ன செய்கிறார், செய்வதை யாரிடம் கொண்டுசேர்ப்பது, விற்காத ஆண்டுகளில் எப்படி வாழ்கிறார் என்று கேட்பார் இல்லை. அதைக் கேட்கும் அமைப்புக்குத்தான் கலைக்கூடம் என்று பெயர். அது ஓவியரைத் தானே தேர்ந்தெடுக்கிறது. சுவரைத் தருகிறது. அழைப்பிதழும் படப்பட்டியலும் அச்சிடுகிறது. வாங்கக் கூடியவரிடம் பேசுகிறது. விற்றால் விலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. விற்காவிட்டால் நட்டத்தையும் ஏற்கிறது. வாணிகம்தான், ஐயமில்லை. ஆனால் ஓவியரின் எதிர்காலத்தின்மேல் தன் எதிர்காலத்தையும் கட்டிவைத்த வாணிகம்.

1963இல் கேகூவும் அவர் மனைவி கோர்ஷெத்தும் ஜஹாங்கீர் கட்டடத்தின் முதல் தளத்திலேயே ஒரு சிறிய இடத்தில் கெமோல்டு கலைக்கூடத்தைத் தொடங்கினர். அதே ஆண்டில் பண்டோல் கலைக்கூடமும் நகரில் தொடங்கப்பட்டது. கீழே வாடகை அரங்கு, மேலே தேர்ந்தெடுத்த சிறு கூடம் என்னும் இந்த அமைப்பு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1964இல் கீழ்த்தளத்தில் தொடங்கிய சமோவார் என்னும் சிற்றுண்டிச் சாலை ஓவியரும் கவிஞரும் நாடகக்காரரும் கூடிப் பேசும் இடமாயிற்று. 2015இல் அது மூடப்பட்டபோது ஒரு தலைமுறையே வருந்தியது.

விவான் சுந்தரம் தம் முதல் தனிக் கண்காட்சியை 1966இல் கெமோல்டில் நடத்தினார். பரோடாவில் பட்டயக் கணக்கராகப் பணியாற்றிக்கொண்டே ஓவியம் தீட்டி, கடிகாரம் பழுது பார்ப்பவரையும் முடி திருத்துபவரையும் தம் படங்களின் நாயகராக்கிய பூபேன் கக்கர், இக்கூடத்தோடு நெடுங்காலம் தொடர்புடையவர். நாடு அறிந்த பெயர்களாக இவை பின்னர் ஆயின. அன்று, இவற்றை நம்புவதற்கு ஒரு சட்டக் கடைக்காரரின் துணிவு வேண்டியிருந்தது.

சுவரிலிருந்து தாளுக்கு

1975இல் அச்சிறு கூடத்தின் சுவர்களில் ஏறியவை எண்ணெய் வண்ணப் படங்கள் அல்ல. மண்ணிறப் பரப்பில் வெள்ளைக் கோடுகளால் வரைந்த படங்கள். வரைந்தவர் தஹாணு வட்டாரத்தைச் சேர்ந்த வார்லிப் பழங்குடியினர் ஜிவ்யா சோமா மாஷே.

வார்லி ஓவியம் சுவருக்கு உரியது. அதிலும் திருமணத்திற்கு உரியது. மணம் நடக்கும் குடிசையின் உட்சுவரில் காவி மண்ணும் சாணமும் பூசி, அரைத்த அரிசியைக் கரைத்து, நுனியை மென்று தூரிகையாக்கிய குச்சியால் மணச் சதுரத்தை வரைவார்கள். வரைபவர் சுமங்கலிப் பெண்கள். மணம் முடிந்தால் அதன் வேலை முடிந்தது. அடுத்த பூச்சு வரும்போது சுவர் அதை விழுங்கிக்கொள்ளும்.

1970களின் தொடக்கத்தில் ஓவியர் பாஸ்கர் குல்கர்ணி அரசின் கைவினை வாரியத்தின் சார்பில் தாளும் வண்ணமும் எடுத்துக்கொண்டு இக்கிராமங்களுக்குச் சென்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, வறட்சியில் வாடிய மிதிலைப் பகுதியின் பெண்களுக்கும் தாள் கொண்டு சென்றவர் அவரே. சடங்கு நாளுக்குக் காத்திராமல் நாள்தோறும் வரைந்துகொண்டிருந்த ஜிவ்யாவின் ஆற்றல் அவர் வழியே வெளியுலகுக்குத் தெரிந்தது. கெமோல்டு கண்காட்சிக்கு அடுத்த ஆண்டில், 1976இல், ஜிவ்யாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. 2011இல் பத்மஸ்ரீ. 2018இல் அவர் மறைந்தபோது வார்லிக் கோடுகளை அறியாத இந்தியர் அரிது எனலாம். உணவக மதில்களும் புடவை முந்தானைகளும் அவற்றைப் பரப்பிவிட்டிருந்தன.

இதை வெற்றிக் கதை என்று மட்டும் எழுதிவிட நமக்கு மனம் வரவில்லை. தாளில் வந்ததால் ஓவியம் பிழைத்தது. வரைந்தவருக்குப் பெயரும் பொருளும் கிடைத்தன. தலைமுறை தலைமுறையாகச் சுவரில் வரைந்த பெண்களின் பெயர்களோ பெரும்பாலும் எங்கும் இல்லை. சடங்கின் சுவரிலிருந்து பிரிந்து, சட்டத்திற்குள் நுழைந்த கணத்தில் ஓவியத்திற்கு ஒரு வரவும் ஓர் இழப்பும் சேர்ந்தே நிகழ்ந்தன. கலைக்கூடம் என்னும் அமைப்பால் பெயர் உள்ளவரைத்தான் காட்ட முடியும். விலைச்சீட்டிலும் அழைப்பிதழிலும் ஒரு பெயர் வேண்டும். வரலாறு எழுதுகிற நாமும் அதே குறைபாட்டோடுதான் எழுதுகிறோம். கல்வெட்டில் கொடையளித்தவன் பெயர் இருக்கும். உளி பிடித்தவன் பெயரைத் தேட வேண்டும்.

வரைந்து அழித்த நகரம்

1992இல் அதே கூடத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. நளினி மலானி, 1946இல் கராச்சியில் பிறந்து, பிரிவினையால் இடம்பெயர்ந்த குடும்பத்தின் மகள். கிராஃபோர்டு சந்தைக்கு அருகே லோஹார் சால் என்னும் நெருக்கடியான கடைத்தெருப் பகுதியில் பணியிடம் வைத்திருந்தவர். சுமை தூக்குவோர், நடைபாதையில் உறங்குவோர், தள்ளுவண்டிக்காரர் ஆகியோரை நாள்தோறும் கண்டு வரைந்தவர். அவர் கெமோல்டின் சுவர்களுக்குப் படம் எதையும் கொண்டுவரவில்லை. சுவரின் மேலேயே வரைந்தார். ஆசைகளின் நகரம் என்னும் பொருள்படும் தலைப்பிட்ட அப்படைப்பு சில நாட்களே நின்றது. பின்னர் வெள்ளையடித்து அழிக்கப்பட்டது. அழிப்பதும் படைப்பின் ஒரு பகுதியாகவே திட்டமிடப்பட்டிருந்தது.

ஏன் அழிக்க வேண்டும்? ராஜஸ்தானத்து நாதத்வாராவில் 19ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் கவனிப்பாரற்றுச் சீரழிந்துகொண்டிருந்தன. அதன்பால் கவனத்தை ஈர்ப்பது மலானியின் நோக்கங்களுள் ஒன்று. வெள்ளைச் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்த வண்ணங்களைத் தேடிக் கோயில் கோயிலாக அலைந்த வாசகர்களுக்கு இச்செயலின் கூர்மையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அறியாமையால் நாடெங்கும் செய்யப்படுவதை அவர் அறிந்தே ஒருமுறை செய்து காட்டினார். பார்த்தவர் மனத்தில், இருந்த ஒன்று இல்லாமற்போவது எப்படியிருக்கும் என்பது பதிந்தது.

வாங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. எடுத்துச் செல்ல முடியாது. சட்டம் போட முடியாது. சட்டம் விற்றுப் பிறந்த கூடம், சட்டத்திற்குள் எவ்வகையிலும் அடங்காத ஒன்றுக்குத் தன் சுவர்களைத் தந்தது. விற்பனையை மட்டும் கருதும் கடை இதைச் செய்திராது. பிற்காலத்தில் மலானி ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலும் சுவரில் வரைந்து அழிக்கும் முறையைத் தொடர்ந்தார். அதன் தொடக்கம் காலா கோடாவின் ஒரு சிறு கூடத்தில் இருக்கிறது.

அவ்வாண்டின் இறுதியில், டிசம்பர் 6ஆம் நாள், அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பம்பாயில் 1993 ஜனவரி வரை நடந்த கலவரங்களில் 900 பேர் மாண்டதாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது. அந்நாட்களுக்குப் பின் கேகூ காந்தி கலைக்கூடத்திற்குள் அடங்கியிருக்கவில்லை. தாம் வாழ்ந்த பாந்த்ரா பகுதியில் இரு சமூகத்தாரையும் ஒன்றாக உட்காரவைக்கும் அமைதிப் பணியில் இறங்கினார். நெருக்கடி நிலைக் காலத்திலும் அரசை எதிர்த்தோருக்குத் தம் வீட்டில் இடம் தந்தவர் அவர். மும்பையில் 1996இல் திறக்கப்பட்ட தேசிய நவீனக் கலைக்கூடத்திற்காக நெடுங்காலம் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர். 2012இல் அவரும், அடுத்த ஆண்டில் கோர்ஷெத்தும் மறைந்தனர்.

பிரெஸ்காட் சாலையில்

1988 முதல் கூடத்தின் பொறுப்பை ஏற்ற மகள் ஷிரீன் காந்தி, 2007இல் அதை ஜஹாங்கீர் கட்டடத்திலிருந்து பிரெஸ்காட் சாலைக்கு மாற்றினார். காலா கோடாவிலிருந்து ஃப்ளோரா நீரூற்றைக் கடந்து கால் மணி நேரம் வடக்கே நடந்தால் வரும் பள்ளிக்கூடத் தெரு அது. சீருடைக் குழந்தைகளும் அவர்களை அழைத்துப்போக வந்தவர்களும் நிறைந்த அத்தெருவில், குயின்ஸ் மாளிகை என்னும் பழைய கட்டடத்தின் மூன்றாவது தளத்தில் கூடம் இருக்கிறது. கீழே நின்று பார்த்தால் இங்கே இப்படியொன்று இருப்பதாகவே தோன்றாது.

மேலே சென்று கதவைக் கடந்ததும் ஓசை அடங்கிவிடுகிறது. வெண்சுவர், உயர்ந்த மேற்கூரை, நிறைய வெற்றிடம். மேசையில் படைப்புகளின் பட்டியல் இருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. இருந்தும் இத்தகைய கூடங்களின் வாசலில் நம்மவர் பலரும் தயங்குவதைக் கண்டிருக்கிறோம். வாங்க வந்தவர் என்று நினைத்துவிடுவார்களோ, வாங்க வராதவர் என்று தெரிந்துவிடுமோ என இருவகை அச்சம். புரியாததைப் புரிந்தது போலப் பார்த்து நிற்க வேண்டுமே என்பது மூன்றாவது அச்சம்.

இதற்குத் தமிழிலேயே மருந்து இருக்கிறது. பரிபாடலின் திருப்பரங்குன்றப் பாடல் ஒன்றில், ஓவியங்கள் தீட்டிய மண்டபத்திற்கு வரும் மக்கள் ஒவ்வொரு உருவையும் சுட்டி இது யார், அது எது என்று கேட்பதும், அறிந்தவர் விடை சொல்வதும் காட்டப்பட்டுள்ளன. ஓவியத்தின் முன் நின்று கேட்பது நம் மரபில் இழுக்கன்று. அதுவே பார்க்கும் முறை. நாமும் அவ்வாறே கேட்டோம். பொறுமையாக விடை சொன்னார்கள். எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டோம். சில படைப்புகளின் முன் நெடுநேரம் நின்றும் ஒன்றும் நிகழவில்லை. ஒன்றிரண்டு, ஊர் திரும்பிய பின்னும் உடன் வந்தன. சங்கப் பாடல்களை முதல் வாசிப்பில் அணுகும் மாணவரின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

எஞ்சுவது எது?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சுவர் ஒவ்வொரு முறையும் வெள்ளையாகிவிடும் இடத்தில் வரலாறு எங்கே தங்கும்?

அழைப்பிதழில் தங்கும். படப்பட்டியலில், ஓவியர் எழுதிய கடிதத்தில், கண்காட்சியின் நிழற்படத்தில், நாளிதழின் ஓரத்தில் வந்த பத்து வரி மதிப்புரையில் தங்கும். கெமோல்டு தன் ஐம்பதாம் ஆண்டை 2013இல் எட்டியபோது, கலை விமரிசகர் கீதா கபூரின் பொறுப்பில் அடுத்தடுத்து ஐந்து கண்காட்சிகளை நடத்திக் கடந்து வந்த பாதையை மறுபடி சிந்தித்தது. அத்தகைய சிந்தனைக்குத் தாள்கள் வேண்டும். மலானியின் அழிந்த சுவரை இன்று நாம் அறிவதற்கு அப்போது எடுத்த பதிவுகளே துணை. ஜிவ்யாவின் முதல் கண்காட்சி எந்த ஆண்டில் நடந்தது என்று இன்று சொல்ல முடிவதும், ஒருவர் எழுதி வைத்ததால்தான்.

கெமோல்டு பெரிய நகரத்தின் புகழ்பெற்ற கூடம். அதன் தாள்களுக்குப் பாதுகாப்பு உண்டு. இந்தியாவின் சிறு நகரங்களில் தோன்றிப் பத்தாண்டு நடந்து மூடப்பட்ட கூடங்கள் எத்தனையோ. அவற்றின் அழைப்பிதழ்கள் பழைய தாள் கடைக்குப் போய்விட்டன. எந்த ஓவியர் எங்கே முதலில் தம் படத்தைத் தொங்கவிட்டார் என்று கேட்டால், அன்று வந்திருந்த முதியவர் ஒருவரின் நினைவைத்தான் நாட வேண்டியிருக்கும். அவரும் இன்னும் எத்தனை நாள்?

ஆயிரம் ஆண்டு முந்திய கல்வெட்டைப் படியெடுக்க மலையேறும் ஆர்வம் நம்மிடம் இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கையேனும் நாற்பது ஆண்டு முந்திய அழைப்பிதழுக்கும் கொடுக்கலாகாதா? வாசகர்கள் வாழும் ஊரில் ஒரு கலைக்கூடம் இருக்குமானால், அடுத்த கண்காட்சிக்குச் செல்லுங்கள். தயங்காமல் கேளுங்கள். மேசைமேல் இருக்கும் பட்டியலில் ஒன்றைக் கையோடு எடுத்துவந்து, பார்த்த நாளை அதன் ஓரத்தில் எழுதி, புத்தகங்களுக்கு நடுவே வைத்துவிடுங்கள்.